தீயணைப்புத் தொட்டி: சுவரில் எழுதிய அளவு பம்புக்குக் கிடைக்காதபோது

கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரி சேதராப்பட்டிலோ ஒரு ஆலையின் ஃபயர் பம்ப் அறைக்குள் போனால் சுவரில் பெயின்டால் எழுதியிருக்கும்: "கொள்ளளவு 384 கன மீட்டர்". நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி வந்த எண் அது. தரையிலிருந்து கூரை வரை உள்ள காற்றும் தண்ணீரும் சேர்ந்த கணக்கு. பம்பால் எடுக்க முடிவது அதில் ஒரு பங்குதான். தொட்டி சம்பந்தமான கோளாறுகளில் பல இந்த இரண்டு எண்களையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

கீழே வரும் கணக்குகளுக்கெல்லாம் ஒரே தொட்டியை எடுத்துக்கொள்வோம். தரைக்கு அடியில் கட்டிய கான்கிரீட் சம்ப். நடுவில் 200 மி.மீ. தடுப்புச் சுவர், இரு பக்கமும் 6 மீ. × 8 மீ. அறை. உள் ஆழம் 4 மீ. தரைப் பரப்பு மொத்தம் 96 ச.மீ., ஆகவே 384 கன மீட்டர். பம்ப் மணிக்கு 171 கன மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 2,850 லிட்டர். இரண்டு மணி நேரம் ஓட 342 கன மீட்டர் வேண்டும். காகிதத்தில் 42 கன மீட்டர் மிச்சம் இருக்கிறது.

சோதிக்க வேண்டிய கருவிகள் அதிகமில்லை. எடை கட்டிய ஸ்டீல் டேப், ஸ்டாப்வாட்ச், உறிஞ்சு குழாயில் வெற்றிடமும் அழுத்தமும் இரண்டையும் காட்டும் கேஜ், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர், 20 லிட்டர் பக்கெட் ஒன்று. இவை போதும்.

இரண்டு மணி நேரம் ஓட வேண்டிய பம்ப் ஒன்றரை மணி நேரம் தாண்டியதும் காற்றை இழுக்கிறது

முதலில் சோதனை ஒழுங்காக நடந்ததா என்று பாருங்கள். பல இடங்களில் சோதனைத் தண்ணீர் போகும் குழாயான டெஸ்ட் லைன் அதே தொட்டிக்குத் திரும்பி வருகிறது. அப்படி ஓட்டினால் நீர்மட்டம் இறங்கவே இறங்காது. எத்தனை வருஷம் ஓட்டினாலும் தொட்டியின் குறை வெளியே தெரியாது. வருஷத்துக்கு ஒரு முறையாவது தண்ணீரை வெளியே விட்டு, வேறு நீர்த்தேக்கத்துக்கோ தோட்டத்துக்கோ அனுப்பி, மட்டம் இறங்குவதை அளக்க வேண்டும்.

ஃப்ளோ மீட்டரில் 171 நிற்குமாறு வால்வைத் திருகி வைத்துவிட்டு, 10 நிமிடத்துக்கு ஒரு முறை டேப்பை இறக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். 171-ஐ 96-ஆல் வகுத்தால் மணிக்கு 1.78 மீ.; 10 நிமிடத்துக்குச் சுமார் 30 செ.மீ. இறங்க வேண்டும். அதைவிட வேகமாக இறங்கினால் பம்ப் தன் அளவுக்கு மேல் தள்ளுகிறது. ஃபயர் பம்ப் என்பதே, அழுத்தம் 65 சதவீதத்துக்குக் குறையாமல் 150 சதவீதத் தண்ணீரைத் தரும்படி செய்யப்பட்டது. வால்வுகளை முழுக்கத் திறந்துவிட்டால் மணிக்கு 256 கன மீட்டர் வரை போகும். அப்போது 342 கன மீட்டரும் 80 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அது தொட்டியின் குறை அல்ல, சோதித்த விதத்தின் குறை.

மட்டம் சரியான வேகத்தில் இறங்கியும் முன்கூட்டியே காற்று வந்தால், அடியில் எடுக்க முடியாத தண்ணீர் நிற்கிறது. கணக்கைப் பாருங்கள். வழிந்தோடும் குழாய் 3.70 மீட்டரில் இருக்கிறது; அதற்கு மேல் தண்ணீர் நிற்காது. உறிஞ்சு குழாய் 200 மி.மீ., அதன் வாய் தரையிலிருந்து 150 மி.மீ. உயரத்தில். வெறும் குழாய் வாயாக இருந்தால், சுழல் விழுந்து காற்றை இழுக்காமல் இருக்க வாய்க்கு மேல் 620 மி.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். ஆக அடியில் 770 மி.மீ. உபயோகமில்லை. எடுக்க முடிந்த ஆழம் 2.93 மீ.; அளவு 281 கன மீட்டர். 171-ஆல் வகுத்தால் 1 மணி 39 நிமிடம். சுவரில் 384, கையில் 281.

சரிசெய்ய மூன்று வழி உண்டு. புதிதாகக் கட்டுவதாக இருந்தால் உறிஞ்சு குழாய்க்குத் தனியாகக் குழி தோண்டி, குறைந்தபட்ச மட்டம் தொட்டித் தரையோடு சமமாக வரும்படி செய்வதுதான் மேல். அப்போது 3.70 மீட்டரும் கிடைக்கும்: 355 கன மீட்டர். ஏற்கெனவே கட்டிய தொட்டியில் தரையை உடைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நிலத்தடி நீர் மேலே நிற்கும் இந்தப் பக்கத்தில் அந்த இணைப்பு பிறகு கசியாமல் இருப்பது அரிது. அங்கே குழாய் வாயில் சுழல் தடுப்புத் தகடு போடுங்கள். தகட்டின் பக்கம் குழாய் விட்டத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு, அதாவது 400 × 400 மி.மீ. தரையிலிருந்து உயரம், குழாய் விட்டத்தில் பாதி அல்லது 150 மி.மீ., எது அதிகமோ அது, இங்கே 150. தகடு இருந்தால் 620 மி.மீ. என்பது 100 மி.மீ. ஆகக் குறையும். அடியில் வீணாவது 250 மி.மீ. மட்டும். கிடைப்பது 331 கன மீட்டர். இன்னும் 11 குறைகிறது. வழிந்தோடும் குழாயை 12 செ.மீ. உயர்த்தினால் அதுவும் வந்துவிடும். உயர்த்திய பிறகும் கூரைக்கும் தண்ணீருக்கும் இடையே 18 செ.மீ. இருக்கும்; நிரப்பும் குழாயின் முழு ஓட்டத்தையும் அந்த வழிந்தோடும் குழாய் தாங்குகிறதா என்று ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

தகட்டுக்கும் அதன் போல்ட்டுகளுக்கும் ஒரே தரத் துருப்பிடிக்காத எஃகு வேண்டும், 316 தரம் நல்லது. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) போல்ட் போட்டால் உவர் தண்ணீரில் அதுதான் முதலில் அரிக்கும். தகடு கழன்று குழாய் வாயிலேயே ஒட்டிக்கொண்டால், சுழலைத் தடுக்கப் போட்டது தண்ணீரையே தடுத்துவிடும்.

தூண்களையும் கழியுங்கள். 300 மி.மீ. சதுரத் தூண் எட்டு இருந்தால் 3.45 மீ. ஆழத்தில் இரண்டரை கன மீட்டர் போகும். அடியில் படியும் வண்டலைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். அது குறைந்தபட்ச மட்டத்துக்குக் கீழே இருக்கும் வரை கொள்ளளவைக் குறைக்காது. உறிஞ்சு குழாயின் வடிகட்டியான ஸ்ட்ரெய்னரை அடைக்கும் என்பதுதான் கவலை.

தொட்டி காலியாகும் முன்பே பம்பில் ஜல்லி உருளும் சத்தம்

இதைக் காற்று இழுப்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கேஜைப் பாருங்கள். முள் முன்னும் பின்னும் துள்ளினால் காற்று எங்கிருந்தோ உள்ளே வருகிறது. முள் ஆடாமல், மட்டம் இறங்க இறங்க வெற்றிடம் நிதானமாகக் கூடி, ஒரு கட்டத்தில் ஜல்லிச் சத்தம் தொடங்கினால் அது கேவிடேஷன்: தண்ணீர் பம்புக்குள்ளேயே ஆவிக் குமிழாகி உடைகிறது.

நம் தொட்டி தரைக்கு அடியில், பம்ப் தரை மேல். பம்பின் மையம் தொட்டிக் கூரைக்கு 0.6 மீ. மேலே என்று வைத்துக்கொண்டால், தொட்டி நிறைந்திருக்கும்போது பம்ப் 0.9 மீ. மட்டும் தூக்குகிறது. மட்டம் 250 மி.மீ.க்கு இறங்கும்போது 4.35 மீ. தூக்க வேண்டும். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் தருவது 10.3 மீ. 40 டிகிரித் தண்ணீரின் ஆவியழுத்தத்துக்கு 0.75 மீ. போகும். குழாய், அதன் அடியிலுள்ள ஒருவழி வால்வான ஃபுட் வால்வு, ஸ்ட்ரெய்னர் உராய்வுக்கு 1 மீ. கழித்தால் மிச்சம் 4.2 மீ. பம்பின் வளைகோட்டுத் தாளில் 150 சதவீத ஓட்டத்துக்கு எவ்வளவு என்.பி.எஸ்.எச். (கேவிடேஷன் வராமலிருக்க உறிஞ்சு பக்கம் மிஞ்சியிருக்க வேண்டிய அழுத்தம், மீட்டரில்) கேட்டிருக்கிறது என்று பாருங்கள். 4.2-க்கு மேல் கேட்டிருந்தால் அந்தப் பம்பால் அந்தத் தொட்டியின் அடித் தண்ணீரை எடுக்க முடியாது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மேலே சொன்ன தகட்டைப் போட்டால் கொள்ளளவு 50 கன மீட்டர் கூடும், ஆனால் தூக்க வேண்டிய உயரமும் 52 செ.மீ. கூடும். ஆகவே தகடு வாங்கும் முன் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுவிடுங்கள். கணக்கு இடம் கொடுக்காவிட்டால் பம்பைப் பள்ளத்தில் இறக்குவது ஒரு வழி. தொட்டிக்கு மேல் மோட்டார் நிற்க, சுழல் சக்கரங்கள் தண்ணீருக்குள் இருக்கும் வெர்டிகல் டர்பைன் பம்ப் இன்னொரு வழி. கடலூர், புதுச்சேரி இரண்டு இடத்திலும் இரண்டாவதையே சொல்வோம். ஐப்பசி, கார்த்திகையில் பம்ப் பள்ளத்தில் தண்ணீர் ஏறினால் மோட்டாரும் பேனலும் மூழ்கும், அதுவும் மிகவும் தேவைப்படும் நேரத்தில்.

முள் துள்ளுகிறதா, இந்த வரிசையில் தேடுங்கள். பம்ப் தண்டைச் சுற்றிய அடைப்பான கிளாண்டில் சவர நுரையைப் பூசிப் பாருங்கள், உள்ளே இழுத்தால் அங்கேதான் ஓட்டை. உறிஞ்சு பக்கத்தில் குழாய் விட்டத்தைக் குறைக்கும் இணைப்பான ரெடியூசர் சாய்வு வகையாக, தட்டைப் பக்கம் மேலே இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டியிருந்தால் மேட்டில் காற்று தங்கும். குழாய் பம்பை நோக்கி லேசாக ஏறிப்போக வேண்டும், நடுவில் கூனல் இருக்கக் கூடாது. கடைசியாகத் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நிரப்பும் குழாயோ டெஸ்ட் லைனோ உறிஞ்சு வாய்க்குப் பக்கத்திலேயே கொட்டினால், பால் போல நுரைத்த தண்ணீர் நேராகப் பம்புக்குப் போகும். அந்தக் குழாய்களைத் தொட்டியின் எதிர் மூலைக்கு மாற்றுங்கள்.

ஒரு அறை காலி, அடுத்த அறையில் இன்னும் தண்ணீர்

இரண்டு அறைக்கும் இடையிலுள்ள சமன் குழாய் சிறியது, அல்லது அதன் வால்வு மூடியிருக்கிறது. வால்வைப் பார்த்தபின் குழாயைப் பாருங்கள். உறிஞ்சு குழாய் ஒரே அறையில் இருந்தால், ஓட்டத்தில் பாதி, அதாவது மணிக்கு 85 கன மீட்டர், அந்தச் சமன் குழாய் வழியே வர வேண்டும். நுழைவு, வெளியேற்றம், திறந்த கேட் வால்வு எல்லாம் சேர்த்து வேக உயரத்தைப்போல் (ஓடும் வேகத்துக்கு ஈடான நீர் உயரம்) இரண்டு மடங்கு இழப்பு என்று வைத்தால், 100 மி.மீ. குழாயில் இரு அறைக்கும் மட்ட வித்தியாசம் 93 செ.மீ. 150 மி.மீ. என்றால் 18 செ.மீ., 200 மி.மீ. என்றால் 6 செ.மீ. நூறு மி.மீ. குழாய் போட்ட தொட்டியில் பம்ப் காற்று வாங்கும்போது அடுத்த அறையில் 93 செ.மீ., அதாவது 45 கன மீட்டர் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். பம்புக்கு அது இருந்தும் இல்லை.

சமன் குழாயைப் பெரிதாக்குவதைவிட ஒவ்வொரு அறைக்கும் தனி உறிஞ்சு குழாயும் தனி வால்வும் வைத்து வெளியே ஒரு தலைக்குழாயில் சேர்ப்பது நல்லது. ஒரு அறையைக் கழுவும்போது மற்றது வேலை செய்யும். இரண்டு அறையாகக் கட்டுவதன் நோக்கமே அதுதான்.

தொட்டி அப்படியே இருக்கிறது, ஆய்வாளர் மட்டும் போதாது என்கிறார்

பெரும்பாலும் ஆய்வாளர் சொல்வது சரியாகவே இருக்கும். தொட்டி மாறவில்லை, ஆலை வளர்ந்துவிட்டது. காப்பீட்டுக்காரர்கள் கையில் வைத்திருக்கும் டி.ஏ.சி. (கட்டண ஆலோசனைக் குழு) விதிகளில் தேவை, ஹோஸ் மாட்டும் தீயணைப்புக் குழாய் வாயான ஹைட்ரன்ட் எண்ணிக்கையோடும் அபாய வகையோடும் கட்டுப்பட்டது. சாதாரண அபாய வகையில் 20 ஹைட்ரன்ட் வரை மணிக்கு 137 கன மீட்டர் பம்ப், 20-க்கு மேல் 55 வரை 171, அதற்கு மேல் 100 வரை 273. சேமிப்பு 2 மணி நேரம். ஆக 20-வது ஹைட்ரன்ட் வரை 274 கன மீட்டர் போதும். 21-வதை மாட்டிய நாளிலேயே 342 வேண்டும். இரட்டை வாய் ஹைட்ரன்ட் இரண்டாகக் கணக்கில் வரும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அபாய வகை மாறினால் தாவல் இன்னும் பெரிது. 22 ஹைட்ரன்ட் உள்ள கிடங்கில் சாதாரண சரக்கை எடுத்துவிட்டு அதிக அபாய 'ஏ' வகைச் சரக்கை அடுக்கினால் பம்ப் 273, நேரம் 3 மணி: 819 கன மீட்டர். சுவரும் கூரையும் ஹைட்ரன்டும் அதேதான்; உள்ளே இருக்கும் மூட்டை மாறியதால் தேவை 342-லிருந்து 819 ஆகிறது. புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி போன்ற தொழிற்பேட்டைகளில் கிடங்குகள் கைமாறும்போது புதிதாக வாடகைக்கு வருபவர் இதைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

கரைப்பான், எரிபொருள் டேங்குகள் இருக்கும் இடத்தில் ஹைட்ரன்டை எண்ணினால் போதாது. எண்ணெய்க் கிடங்குகளுக்கான ஓ.ஐ.எஸ்.டி. (எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம்) தரம் 117 காட்டும் வழியில் கணக்குப் போடுங்கள். விட்டம் 10 மீ., உயரம் 10 மீ. டேங்க் ஒன்று எரிகிறது, பக்கத்தில் அதே அளவில் இன்னொன்று. உடல் பரப்பு 314 ச.மீ.; ச.மீ.க்கு நிமிடம் 3 லிட்டர் குளிர்விப்பு என்றால் ஒரு டேங்குக்கு மணிக்கு 56.5 கன மீட்டர், இரண்டுக்கும் 113. நுரைக்கு மேற்பரப்பு 78.5 ச.மீ., ச.மீ.க்கு 5 லிட்டர்: மணிக்குச் சுமார் 24. துணை ஓட்டமாக நாலு ஹைட்ரன்ட் தலா 36, ஒரு மானிட்டர் (நிலையாகப் பொருத்திய பெரிய நீர்ப்பீச்சி) 144: மொத்தம் 288. கூட்டினால் 425. நாலு மணி நேரத்துக்கு 1,700 கன மீட்டர். டேங்கைக் குளிர்விக்க ஆவதைவிட ஹோஸ் பிடிப்பவர்களுக்கு ஆவது இரண்டரை மடங்கு என்பதைக் கவனியுங்கள். குறையாகக் கட்டியவர்கள் பெரும்பாலும் அந்த 288-ஐத்தான் விட்டிருப்பார்கள். ஆல்கஹால் போல நீரில் கரையும் திரவமானால் வேறு வகை நுரையும் கூடுதல் அளவும் தேவை. நுரை தயாரிப்பாளர் தரும் அளவைக் கேட்டு வாங்குங்கள்.

யாரும் திறக்காமலேயே நீர்மட்டம் தினமும் இறங்குகிறது

சந்தேகத்துக்குரியவை நாலு: ஆவியாதல், தொட்டிக் கசிவு, மண்ணுக்குள் குழாய்க் கசிவு, வேறு யாரோ எடுப்பது.

ஆவியாதலைப் பக்கெட்டால் பிரித்துவிடலாம். தொட்டித் தண்ணீரையே பக்கெட்டில் மொண்டு, ஏணிப் படியில் விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி கட்டி இறக்குங்கள். பக்கெட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் மட்டத்தைக் குறித்து 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் சமமாக இறங்கியிருந்தால் வெயில்தான் குடித்திருக்கிறது. திறந்த தொட்டியில் அக்னி நட்சத்திர நாளில் 6 மி.மீ. இறங்கினாலும் நம் 96 ச.மீ.க்கு அரை கன மீட்டர் சொச்சம்தான். மூடிய தொட்டியில் அதுவும் இருக்காது. வெளிமட்டம் பக்கெட்டைவிட அதிகமாக இறங்கியிருந்தால் மட்டும் மேலே தேடுங்கள்.

அடுத்ததாக, குழாய் அழுத்தம் இறங்கும்போது தானாக ஓடி அதை ஏற்றும் சிறிய ஜாக்கி பம்ப் எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணுங்கள். நிமிடத்துக்கு 180 லிட்டர் தரும் ஜாக்கி 10 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு நிமிடம் ஓடினால் பார்ப்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் சராசரி நிமிடத்துக்கு 18 லிட்டர். நாளொன்றுக்கு 26 கன மீட்டர். நம் தொட்டியில் 27 செ.மீ. தொட்டி ஒழுகவில்லை, அதன் தண்ணீரை ஜாக்கி எடுத்து மண்ணுக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறது. பிரிவு வால்வுகளை ஒவ்வொன்றாக மூடுங்கள். எந்த வால்வை மூடியதும் ஜாக்கி அமைதியாகிறதோ அதற்கு அப்பால் தோண்டுங்கள். உப்பனாற்றை ஒட்டிய மண்ணில் குழாய்ச் சுற்றுப்பூச்சு கிழிந்த இடம்தான் முதலில் துளை விழும், குறிப்பாக லாரி ஏறும் சாலைக் குறுக்கில். மூடிய வால்வைத் திறந்து, பூட்டுப் போட்டுவிட்டுத்தான் இடத்தைவிட்டு நகர வேண்டும்.

தொட்டியையே சந்தேகித்தால் ஒரு நேரத்தில் ஒரு அறையை மட்டும் தனிமைப்படுத்துங்கள். மற்றது பம்போடு இணைந்தே இருக்கட்டும். இந்தியத் தரமான ஐ.எஸ். 3370 சொல்லும் முறை: நிரப்பி 7 நாள் ஊறவிட்டு, அதன்பின் 7 நாளில் மொத்த இறக்கத்தை அளந்து, அந்தத் தரத்தின் நடப்புப் பதிப்பு அனுமதிக்கும் அளவோடு ஒப்பிடுங்கள்.

நாலாவதற்குக் கருவி வேண்டாம், கண் போதும். தொட்டிச் சுவரில் அடி மட்டத்தில் கால் அங்குலமோ ஒரு அங்குலமோ குழாய் எடுத்துத் திருகு குழாய் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு அங்குல ஹோஸில் நிமிடத்துக்கு 30 லிட்டர் போனால் ஒரு ஷிப்டில் 14 கன மீட்டருக்கு மேல். ஆலைத் தேவைக்கும் அதே தொட்டி என்றால், அந்தக் குழாயின் வாய் தீயணைப்புச் சேமிப்பு மட்டத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். கீழே வைத்துவிட்டு "வால்வை மூடி வைக்கிறோம்" என்பது ஏற்கத் தக்க பதில் அல்ல.

சோதனைக்குப் பிறகு தொட்டி நிறைய மூன்று நாள் ஆகிறது

காலியான தொட்டி 8 மணி நேரத்தில் நிறைய வேண்டும் என்பது அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் தொட்டித் தரமான என்.எஃப்.பி.ஏ. 22 தரும் அளவு. 342-ஐ 8-ஆல் வகுத்தால் மணிக்கு 43 கன மீட்டர், நிமிடத்துக்கு 713 லிட்டர். நிமிடத்துக்கு 150 லிட்டர் தரும் ஆழ்துளைக் கிணறு (போர்) ஒன்றை நம்பியிருந்தால் இடைவிடாமல் ஓட்டினாலும் 38 மணி நேரம்; பகலில் மட்டும் ஓட்டினால் மூன்று நாள். லாரித் தண்ணீர் என்றால் 12,000 லிட்டர் லாரி 29 நடை.

போரை ஆழப்படுத்துவது எளிதாகத் தோன்றும். கடலோரத்தில் அதிக நேரம் இழுத்தால் உவர் ஏறும், டி.டி.எஸ். மீட்டரால் வாரம் ஒரு முறை பார்த்து எழுதிவையுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் இழுப்பைக் குறைத்து, வேறு மூலத்தைச் சேருங்கள். எப்படியானாலும் தீ நேரத்தில் போர் ஓடும் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையேறிய பின் கடலூர்ப் பகுதியில் மின்சாரம் திரும்ப நாட்கணக்கில் ஆனது. டீசல் பம்ப் ஓடும், போர் மோட்டார் ஓடாது. அந்தத் தொட்டியில் அன்றைக்கு என்ன இருந்ததோ அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் குழாய் இணைப்பில் விரிசல், தொட்டி ஓரத்தில் தரை பிளந்திருக்கிறது

சற்று நின்று பார்க்க வேண்டிய அறிகுறி இது. தொட்டி மிதக்கத் தொடங்கியிருக்கிறது. கான்கிரீட் எப்படி மிதக்கும் என்று கேட்பவர்களுக்குக் கணக்கே பதில்.

நம் தொட்டியின் வெளியளவு 12.7 மீ. × 8.5 மீ., பரப்பு 108 ச.மீ. அடித்தளம் 300 மி.மீ., கூரை 150 மி.மீ., வெளிச்சுவர் 250 மி.மீ. கான்கிரீட் மொத்தம் 96 கன மீட்டர் சொச்சம். கன மீட்டருக்கு 2.5 டன் வீதம் 241 டன். கூரை தரைமட்டத்தோடு சமம். நிலத்தடி நீர் தரைக்கு 1 மீ. கீழே நின்றால், அடித்தளத்தின் அடிவரை 3.45 மீ. மூழ்கியிருக்கிறது. மேல்நோக்கித் தள்ளும் விசை 372 டன். காலித் தொட்டி 131 டன் குறைகிறது. அதைப் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டுமே: சமநிலைக்கு 1.37 மீ. ஆழம், 1.2 என்ற பாதுகாப்புக் காரணியோடு 2.15 மீ. ஆழம்.

நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறினால் தள்ளும் விசை 480 டன். அப்போது சமநிலைக்கே 2.5 மீ. தண்ணீர் வேண்டும், காரணியோடு 3.5 மீ., அதாவது தொட்டி ஏறக்குறைய நிறைந்திருக்க வேண்டும். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் நின்றது; 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை. இந்த ஊரில் நிலத்தடி நீர் தரையைத் தொடும் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

ஆகவே முழு ஓட்டச் சோதனையையும் தொட்டிக் கழுவலையும் அக்டோபர் முதல் ஜனவரி நடு வரை வைக்காதீர்கள். ஏப்ரல், மே சரியான மாதங்கள். மழைக்காலத்தில் ஒரு அறையை மட்டும் காலி செய்தால் போதுமே என்பவர்களுக்கு: ஒரு அறை 3.70 மீ. நிறைந்திருந்தால் 178 டன் சேர்ந்து 419 ஆகும், 372-ஐத் தாண்டுகிறது. ஆனால் நீர் தரைக்கு 1 மீ. கீழே இருக்கும் வரைதான் இது. எடை ஒரு பக்கம், தூக்கல் மறுபக்கம் என்று தொட்டி சாய இடம் உண்டு. அந்தச் சாய்வில்தான் சுவர் வழியே போகும் உறிஞ்சு குழாய் முறியும்.

விரிசல் ஏற்கெனவே விழுந்திருந்தால் தண்ணீரை இறைத்துப் பார்க்கலாம் என்று நினைப்பது இயல்பு. இறைக்காதீர்கள். முதலில் தொட்டியை நிரப்புங்கள். வெளியே மூலைகளில் குழி தோண்டி மண் நீரை இறைத்து, மட்டம் அடித்தளத்துக்குக் கீழே இறங்கியதை உறுதிசெய்த பிறகே உள்ளே காலி செய்ய வேண்டும். நிரந்தரத் தீர்வு, அடித்தளத்தை வெளிப்பக்கம் நீட்டி அதன்மேல் மண்ணின் எடையை ஏற்றுவது, அல்லது தொட்டியைக் கீழே மண்ணோடு இழுத்துப் பிடிக்கும் இழுவைப் பைல். இரண்டையும் கட்டுமானப் பொறியாளர் கணக்கிட வேண்டும்.

விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் டி.டி.எஸ். காட்டிக்கொடுக்கும். மழை பெய்தால் தொட்டித் தண்ணீரின் உப்பு குறைய வேண்டும், அல்லது அப்படியே இருக்க வேண்டும். மழைக்குப் பிறகு ஏறியிருந்தால் வெளி உவர் உள்ளே கசிகிறது.

டீசல் எஞ்சின் முக்கால் மணி நேரத்தில் சூடேறி நிற்கிறது

எஞ்சினைக் கழற்றும் முன், அதன் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போகும் சின்னக் குழாயின் ஸ்ட்ரெய்னரைக் கழற்றுங்கள். பெரும்பாலான டீசல் ஃபயர் பம்புகளில் எஞ்சினைக் குளிர்விப்பது பம்ப் தள்ளும் தொட்டித் தண்ணீர்தான். துருச் செதிலும் வண்டலும் அதில் சேர்ந்தால் அரை மணி நேர வாராந்தரச் சோதனையில் தெரியாது. நீண்ட ஓட்டத்தில் தெரியும். செதில் மறுபடி மறுபடி வந்தால் தொட்டியை, குறிப்பாக ஜி.ஐ. பேனல் தொட்டியின் உள்பக்க போல்ட் வரிசையை, பாருங்கள்.

மட்டம் காட்டும் கருவி நிறைந்தது என்கிறது, தொட்டி நிறையவில்லை

கண்ணாடிக் குழாயானால் கீழ் வால்வு பாசியில் அடைத்திருக்கும். வடிகால் திருகைத் திறந்து மூடினால் மட்டம் இறங்கித் திரும்ப ஏற வேண்டும், ஏறாவிட்டால் அது பழைய தண்ணீர். மிதவையானால் உப்புப் பூத்து கம்பியில் சிக்கியிருக்கும். கையால் அழுத்தி விட்டுப் பாருங்கள். மின் சென்சாரானால் மாதம் ஒரு முறை டேப் அளவோடு ஒப்பிடுங்கள், 5 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி அளவு திருத்துங்கள், நம் தொட்டியில் 5 செ.மீ. என்பது 4.8 கன மீட்டர். திருத்தும்போது கருவியின் பூஜ்யத்தைத் தொட்டித் தரையில் வைக்காமல், பம்ப் எடுக்கக்கூடிய குறைந்தபட்ச மட்டத்தில் வையுங்கள். சுவரில் எழுதியிருக்கும் 384-ஐயும் அன்றைக்கே அழித்துவிட்டு, அளந்து கண்ட எண்ணை எழுதுங்கள்.